பர்ஸை நம்பிக் கொடுப்பவர் ஊசிக்குக் கை நீட்ட மறுக்கிறார்: அலபாமாவிலிருந்து ஒரு கேள்வி

மேடிசன் பையன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆறு வயதில் அப்பா அம்மாவோடு அலபாமாவுக்கு வந்தவன். வளர்ந்ததெல்லாம் ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் இருக்கும் மேடிசனில். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பார்மசி படித்தேன். இப்போது மான்ட்கோமரிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், ஒரு குடும்பம் நடத்தும் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 26. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் அலபாமா என்றுதான் வாயில் வரும்.

கேள்விக்கு வருகிறேன். எங்கள் கடைக்கு மாதாமாதம் ஒரு பெரியவர் வருவார். எண்பது தாண்டியவர், கறுப்பினத்தவர், பார்வை ரொம்ப மங்கல். மாத்திரையைப் பையில் போட்டு விலை சொன்னதும் பர்ஸைத் திறந்து கவுன்டரில் வைத்துவிடுவார். "எடுத்துக்கோ மகனே" என்பார். அமெரிக்க நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. ஒன்றா இருபதா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் ஒவ்வொரு நோட்டாக, அவர் காதில் விழும்படி சொல்லிச் சொல்லி எடுப்பேன். சில்லறையை உள்ளே போட்டு மூடிக் கொடுப்பேன். இதுவரை அவர் அதை யாரிடமும் காட்டிச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

அதே மனிதரிடம் அக்டோபர் வந்ததும், "ஐயா, ஃப்ளூ ஊசி போட்டுவிடட்டுமா? இரண்டு நிமிஷம்தான்" என்று கேட்டால் ஒரு அடி பின்னால் போய்விடுகிறார். "நீ நல்ல பிள்ளை. ஆனால் அது வேண்டாம்." கோபம் கிடையாது, விவாதமும் கிடையாது. வேண்டாம், அவ்வளவுதான்.

இது அவர் ஒருவரைப் பற்றிய விஷயமாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நான் வளர்ந்த இடமே இப்படித்தான் இருக்கிறது. ரோட்டோரத்தில் மேசை போட்டுத் தக்காளியும் முட்டையும் வைத்திருப்பார்கள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா, ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மேசையிலிருந்து நூறு அடி உள்ளே போனால், அத்துமீறி நுழைந்தால் சுடப்படுவீர்கள் என்று கேட்டில் பலகை தொங்கும். 2023 ஜனவரி 1 முதல் எங்கள் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக அனுமதிச் சீட்டே தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மனிதன் பிறவியிலேயே பாவி என்று பிரசங்கம் கேட்பார்கள். வெளியே வந்து, பெயர்கூடத் தெரியாதவனின் வண்டி பள்ளத்தில் மாட்டியிருந்தால் நல்ல சட்டையோடு இறங்கித் தள்ளுவார்கள். இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி இருக்கிறது?

2011 ஏப்ரல் 27 இங்கே யாருக்கும் மறக்காது. ஒரே நாளில் அலபாமாவில் அறுபதுக்கும் மேற்பட்ட டொர்னேடோ சுழற்காற்றுகள், 200 பேருக்கு மேல் சாவு. மின்கம்பிகளைத் தாங்கும் பெரிய கோபுரங்கள் விழுந்து பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையமே நின்றுபோனது. எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்த இறைச்சியெல்லாம் கெட்டுப்போகும் என்று எதிர்வீட்டுக்காரர் தெருவிலேயே அடுப்பைப் போட்டுச் சுட்டு எல்லோருக்கும் கொடுத்தார். நாங்கள் இறைச்சி சாப்பிட மாட்டோம் என்று தெரிந்ததும் அவர் மனைவி தனிச் சட்டியில் மக்காச்சோளம் வேகவைத்துக் கொண்டுவந்தார். "இது எதோடும் படவில்லை, சத்தியமாக" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லுவார்.

நாலு வருஷம் கழித்து, 2015 பிப்ரவரியில், அதே மேடிசனில் நடந்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுப் பெரியவர் ஒருவர் காலையில் தெருவில் நடந்துகொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் யாரோ, முன்பின் தெரியாத ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்று போலீஸுக்குப் போன் செய்தார்கள். வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் அடித்துத் தள்ளியதில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு செயலிழந்துபோனது. கார் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஆளுநர் எழுத்துமூலமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் கோர்ட்டில் இரண்டு முறை ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்து, கடைசியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். 2021ல் 17.5 லட்சம் டாலர் கொடுத்து சிவில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது.

அப்போது எங்கள் தாத்தாவும் வந்திருந்தார். அவரும் தினமும் நடப்பவர். அப்பா மறுநாளிலிருந்து அவரைத் தனியாக அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், ரெட்ஸ்டோன் ஆர்சனல் ராணுவத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் வாசலுக்கு வந்து அப்பாவிடம், "உங்க அப்பாவை எனக்குத் தெரியும். அவர் நடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மனதாரச் சொன்னார், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் தெரியாத தாத்தாவாக இருந்தால் என்று எனக்கு அன்றிரவு முழுக்க ஓடியது. எனக்கு அப்போது 16 வயது.

நான் இதுவரை யோசித்து வைத்திருப்பது இதுதான். மனிதன் இயல்பிலேயே நம்புகிறவனா, சந்தேகப்படுகிறவனா என்ற கேள்வியே தப்பு என்று நினைக்கிறேன். தவறு நடந்தால் யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது என்று தெரிந்திருந்தால் நம்புகிறோம். அந்தப் பெரியவருடைய பர்ஸிலிருந்து நான் இருபது டாலர் திருடினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருடைய சர்ச் முழுக்கத் தெரிந்துவிடும், கடை முதலாளி காதுக்கும் வந்துவிடும். இங்கே புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி என்ன? உன் குடும்பம் எது, எந்த சர்ச்சுக்குப் போகிறாய்? ஊர்வம்புக்காகக் கேட்பதில்லை அது. நாளைக்கு ஏதாவது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரிந்துகொள்கிறார்கள். ஊசி விஷயத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? மருந்துக் கம்பெனியா, வாஷிங்டனா?

இது வெறும் பயம் இல்லை, அனுபவம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற சமயம், 1865ல், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக ஒரு வங்கி தொடங்கினார்கள், ஃப்ரீட்மன்ஸ் பேங்க். லிங்கன் கையெழுத்துப் போட்டது. ஹன்ட்ஸ்வில்லிலும் கிளை இருந்தது. அரசாங்கமே பின்னால் நிற்கிறது என்று நம்பிச் சல்லி சல்லியாகப் போட்டார்கள். நிர்வாகம் செய்தவர்கள் அந்தப் பணத்தை ரியல் எஸ்டேட்டில் கடனாக விட்டார்கள். 1873 நிதி நெருக்கடி வந்தது, 1874ல் வங்கி மூடப்பட்டது. 61,144 பேருடைய கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. கடைசி நேரத்தில், அடிமையாகப் பிறந்து பெரிய கறுப்பினத் தலைவரான ஃப்ரெடெரிக் டக்ளஸைத் தலைவராகக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள், அவரும் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த மக்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

அப்புறம் டஸ்கீகி. என் கடையிலிருந்து காரில் போகிற தூரம்தான். 1932லிருந்து 1972 வரை 40 வருஷம், அரசு சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆராய்ச்சி செய்தது. அதில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய். கெட்ட ரத்தம், வைத்தியம் பார்க்கிறோம் என்று சொன்னார்கள். அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. என் கடைக்கு வருகிற பலருக்கு இது சரித்திரப் பாடம் கிடையாது, சித்தப்பா பெரியப்பா கதை.

அதனால் நான் கேட்பது: என் கணக்கு சரியா? முகம் தெரிந்தவரை நம்புவோம், நிறுவனத்தை நம்ப மாட்டோம் என்பதுதான் மொத்தமுமா? அப்படியென்றால் என்னைப் போல முகமும் காட்டி, நிறுவனத்தின் மருந்தையும் கையில் வைத்திருப்பவன் என்ன செய்வது? தெற்கில் இருப்பவர்கள், இருந்தவர்கள் சொல்லுங்கள்.

*

கேட்டி அக்கா எழுதியது:

தம்பி, ரொம்ப நாள் கழித்து இங்கே ஒன்றை முழுசாகப் படித்தேன். நான் ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டியில் இருக்கிறேன். நீ சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், மீதியை 2017 எனக்கு வேறு மாதிரி காட்டியது.

ஹார்வி புயலில் பார்க்கர் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. மாடியில் நான், இரண்டு குழந்தைகள், சர்க்கரை நோயாளியான மாமியார். அவசர உதவி எண் 911க்கு லைன் கிடைக்கவில்லை. லூசியானாவிலிருந்து மீன்பிடிப் படகுகளை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வந்த கேஜன் நேவி என்ற தன்னார்வலர் ஆட்களைப் பற்றிக் கேட்டிருப்பாய். அப்படி ஒருவர்தான் வந்தார். அவர் தொப்பியில் இருந்த கொடியைப் பார்த்தால் சாதாரண நாளில் நான் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிருப்பேன். அவர் என் மாமியாரைக் குழந்தை மாதிரித் தூக்கிப் படகில் வைத்தார். இன்சுலின் எங்கே, ஐஸ் இருக்கிறதா என்று அவர்தான் கேட்டார், அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரையாம். எங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பெயர் கேட்பதற்குள் திரும்பிவிட்டார். யார் குடும்பம், எந்த சர்ச் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. யார் சட்டையையும் பிடிக்க முடியாது. ஆனாலும் குழந்தையைக் கையில் கொடுத்தேன்.

இனி மறுபக்கம். தண்ணீர் வடிந்த பிறகு சுவரை இடுப்புயரத்துக்கு அறுத்துப் பூஞ்சை பிடித்ததையெல்லாம் எடுக்க வேண்டும். காண்ட்ராக்டரை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கவில்லை. கோயிலில் நன்றாகப் பழகியவர் சொல்லி அனுப்பிய ஆள், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து காப்பி குடித்தோம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வேலை செய்தார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. முகம் தெரியும், வீடு தெரியும், சொன்னவரையும் தெரியும். தெரிந்தவர் என்பதால்தான் எழுத்தில் ஒன்றும் வாங்காமல் விட்டோம்.

எனக்குப் படுவது, ஆபத்தில் நாம் கொடுப்பது நம்பிக்கையா என்றே தெரியாது. வேறு வழி இல்லாதபோது கொடுப்பது அது. வழி இருக்கும்போது, நேரம் இருக்கும்போது யாரிடம் கொடுக்கிறோம் என்பதைத்தான் நீ கேட்கிறாய். அதில் தெரிந்த முகம் நம்மைச் சோம்பேறியாக்கிவிடுகிறது.

*

அட்லாண்டா ரவி எழுதியது:

எனக்கு இது இவ்வளவு சிக்கலாகத் தெரியவில்லை. பர்ஸில் போனால் நாற்பது டாலர். ஊசியில் போனால் உடம்பு. தக்காளி மேசையில் திருட்டுப் போனால் ஐந்து டாலர், வீட்டுக்குள் ஆள் நுழைந்தால் உயிர். எதை இழந்தால் தாங்க முடியுமோ அதில் எல்லோரும் தாராளமாகத்தான் இருப்பார்கள். தெற்கு, வடக்கு, கறுப்பு, வெள்ளை எல்லாம் இதில் ஒன்றுதான். மனித இயல்பு என்று ஏதாவது இருந்தால் அது இந்தக் கணக்குதான். மற்றதெல்லாம் நாம் பின்னால் சேர்த்துக்கொள்ளும் கதை.

*

ஜாக்சன் நர்ஸ் எழுதியது:

ரவி, மாதம் முழுக்க ஓய்வூதியத்தில் ஓடுகிறவருக்கு நாற்பது டாலர் தாங்கக்கூடிய இழப்பு இல்லை. நான் மிசிசிப்பியில் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ். குளிர்காலத்தில் ஹீட்டரா மாத்திரையா என்று கணக்குப் போடுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அவர்களும் பர்ஸைத் திறந்து நீட்டுவார்கள்.

மேடிசன் தம்பிக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, டஸ்கீகியை நீங்கள் எடுத்த இடத்தில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். யூனிஸ் ரிவர்ஸ். கறுப்பின நர்ஸ், டஸ்கீகியிலேயே படித்தவர். அந்த ஆராய்ச்சி முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியதற்கு முக்கியமான காரணம் வாஷிங்டன் டாக்டர்கள் கிடையாது. அவர்கள் வருவார்கள், போவார்கள், ஆள் மாறிக்கொண்டே இருக்கும். மாறாமல் இருந்தது ரிவர்ஸ்தான். தன் காரில் அந்த ஆண்களை ஏற்றிக்கொண்டு பரிசோதனைக்குப் போவார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார், செத்தால் இறுதிச்சடங்கில் உட்கார்ந்திருப்பார். இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால் அடக்கச் செலவுக்கு 50 டாலர் என்ற ஏற்பாட்டைக் குடும்பங்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியதும் அவர்தான். முகம் தெரியும், குடும்பம் தெரியும். உங்கள் கணக்குப்படி அவரை நம்பியது சரி. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் மொத்தமும் நடந்தது.

நான் நர்சிங் படிக்கும்போது அவரைப் பற்றி முதலில் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அவர் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆட்களில் பலருக்கு அவரைத் தவிர வேறு யாரும் வைத்தியப் பெட்டியோடு வீட்டுக்கு வந்ததில்லை என்பதும் உண்மை. அதனால் நீங்கள் கடைசியில் கேட்டீர்களே, முகத்தையும் மருந்தையும் சேர்த்து வைத்திருப்பவன் என்ன செய்வது என்று, அந்தக் கேள்வியை விடாதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் கேள்வி. நம் முகத்தை யாருக்காகக் கடன் கொடுக்கிறோம் என்று தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் 1932ஐ இழுக்காதீர்கள். அது நமக்கு வசதியான பதில். தப்பு செய்தவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டார்கள், இப்போது இருக்கும் நாம் நல்லவர்கள் என்று ஆகிவிடும். எங்கள் மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 2022 ஆகஸ்டில் தண்ணீர் நிலையம் படுத்து ஒன்றரை லட்சம் பேருக்குக் குழாயில் நல்ல தண்ணீர் இல்லை. அதற்கு முன்னாலேயே கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற அறிவிப்பு வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் நான் ஒரு பாட்டியிடம் தண்ணீர் நிறையக் குடிங்கம்மா என்றேன். எந்தத் தண்ணீரை என்று கேட்டார். அவர் டஸ்கீகி பற்றிப் பேசவில்லை. சமையலறைக் குழாயைக் கை காட்டினார்.

உங்கள் பெரியவரிடம் ஏன் வேண்டாம் என்று நீங்கள் கேட்டதே இல்லை போலிருக்கிறதே? கேளுங்கள். ஊசிக்குத் தனியாக பில் வரும் என்ற பயம்கூட இருக்கலாம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் மெடிகேர் பார்ட் பி இருந்தால் ஃப்ளூ ஊசிக்கு ஒரு பைசா கிடையாது என்பது பல பேருக்குத் தெரியாது.

*

மேடிசன் பையன் எழுதியது:

அக்கா இருவருக்கும் நன்றி. ரிவர்ஸ் பற்றிப் படித்திருக்கிறேன், ஆனால் அவரை என் இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அது பெரிய அடி. முகம் தெரிந்தால் போதும் என்று நான் எழுதியதை இனி சொல்ல முடியாது.

ரவி அண்ணா, நீங்கள் சொல்லும் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இறைச்சி சுட்டவர் எந்த இழப்பைக் கணக்குப் போட்டு என் அம்மாவுக்குத் தனிச் சட்டி வைத்தார்? அதைக் கணக்குக்குள் அடைக்க எனக்கு வரவில்லை.

பெரியவரிடம் கேட்டேன். மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம், ரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் உட்காரவைத்து, "ஐயா, ஊசி போடச் சொல்லவில்லை, காரணம் மட்டும் தெரிந்துகொள்ள ஆசை" என்றேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

டஸ்கீகி பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மனைவி சில வருஷங்களுக்கு முன்னால் வெகுதூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். பக்கத்தில் இருந்தது அதற்கு முன்பே மூடிவிட்டார்கள். கடைசி இரண்டு நாளில் அவருக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். மகள் எழுதிப் போட்டாள். படிவம் சரியில்லை என்று திரும்பி வந்தது. மறுபடி போட்டார்கள். அதற்கு இன்று வரை பதில் இல்லை. "என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. போட்டவன் பெயரும் தெரியாது. அதற்குப் பிறகு யாரும் எனக்கு எதையும் போடவில்லை" என்றார்.

அப்புறம் தானாகவே அவருடைய அப்பாவைப் பற்றி ஆரம்பித்தார். அப்பா பருத்திக் காட்டில் பாதிப் பங்குக்கு உழுதவர். விதை, உரம், மாவு, எண்ணெய் எல்லாம் முதலாளி கடையில் கடனாக எடுக்க வேண்டும். வருஷ முடிவில் முதலாளி தன் பேரேட்டைத் திறந்து இவ்வளவு பாக்கி என்பார். எதிர்த்துக் கேட்க முடியாது. அம்மாவுக்குக் கொஞ்சம் எழுதத் தெரியும். அதனால் வீட்டில் தனியாக ஒரு நோட்டில் எடுத்த ஒவ்வொரு பொருளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மாவு ஒரு மூட்டை, மண்ணெண்ணெய் இவ்வளவு, தேதி. வருஷா வருஷம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. "காட்டினாரா?" என்றேன். "காட்டினால் அடுத்த வருஷம் நிலம் ஏது, வீடு ஏது?" என்றார். யாருக்கும் காட்ட முடியாது என்று தெரிந்தே, உண்மையான கணக்கு எங்காவது இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்துத்தான் இவர் எண்களே கற்றுக்கொண்டாராம்.

நான் பர்ஸிலிருந்து நோட்டுகளைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எடுக்கிறேன் இல்லையா, அவருக்கு அது ஏன் போதுமானதாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கணக்கு அவர் காதுக்கு முன்னால் நடக்கிறது. ஊசி அப்படி நடப்பதில்லை. குப்பியில் என்ன இருக்கிறது, யார் தயாரித்தது, தொகுப்பு எண் என்ன, போட்டவன் யார் என்று நான் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறேன், சட்டப்படி செய்தாக வேண்டும். ஆனால் அது என் பக்கத்துத் திரையில் இருக்கிறது. அவருக்கு வெறும் ஒரு குத்து.

இப்போது யாருக்கு ஊசி போட்டாலும் அந்த விவரங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கீழே என் பெயரைக் கையால் எழுதிக் கொடுக்கிறேன். கடை முதலாளி காகிதச் செலவு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. பில் பயம் அவருக்கு இல்லை அக்கா, ஆனால் நீங்கள் சொன்ன பிறகு வேறு மூன்று நாலு பேருக்கு இருந்தது தெரியவந்தது.

*

மான்ட்கோமரி வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் இந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உன் கடைக்குப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். நீ நம்பிக்கை உடைந்த கதைகளாகச் சொல்லிவிட்டாய். ஒன்று நிலைத்து நின்ற கதையும் இதே மண்ணில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்.

1955 டிசம்பர் 5 முதல் 381 நாள், பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரித்ததை எதிர்த்து, இங்கே கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறவில்லை. மார்ட்டின் லூதர் கிங் பேசியதும், ரோசா பார்க்ஸ் கைதானதும் எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் தினமும் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சுமார் 300 கார்கள். ஏறும் இடம், இறங்கும் இடம், நேரம் எல்லாம் வகுத்து, முன்பின் தெரியாதவர்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்ச்சுகள் பெயரில் வாங்கிய வண்டிகளுக்கு இங்குள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாலிசியை ரத்து செய்தபோது லண்டன் லாய்ட்ஸில் எடுத்தார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். உணவகத்தில் சமையல் வேலை. போராட்டத்துக்கு ஆதரவாகப் பேசியதற்கு வேலை போனது. அவரும் சில பெண்களும் சேர்ந்து கேக்கும் 'பை' என்ற பலகாரமும் சுட்டு, கோழி வறுத்து விற்றுக் காசு சேர்த்தார்கள். வாங்கியவர்களில் வெள்ளைக்காரர்களும் உண்டு. சமைத்த பெண்கள் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்கள், பெயர் வெளியே வந்தால் அவர்கள் பிழைப்பும் போகும். அதனால் எங்கிருந்து வந்த பணம் என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்பார்கள். குழுவின் பெயரே அதுதான். ஆனால் எவ்வளவு வந்தது என்பதை மட்டும் சர்ச்சில் கூட்டம் நடக்கும்போது எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கில்மோர் சொல்வார். கூட்டம் காலைத் தட்டிக் கொண்டாடும். கொடுத்தவர் பெயர் இருட்டில், தொகை வெளிச்சத்தில். கணக்கு வாத்தியாராக எனக்கு அதைவிட அழகான ஏற்பாடு தெரியாது.

ரிவர்ஸ் விஷயத்தோடு இதை வைத்துப் பார். அங்கே ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் இருந்தது, என்ன நடக்கிறது என்பது மட்டும் மறைவாக இருந்தது.

டெரிகோட் தெருவில் கில்மோர் வீட்டருகே நினைவுப் பலகை இருக்கிறது. மான்ட்கோமரிப் பக்கம் வந்தால் சொல், நானே கூட்டிப் போகிறேன்.

அப்புறம் ஒன்று. உன் பெரியவருடைய வீட்டில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாயா? முதலாளிகளின் பேரேடுகள் ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும். உழுதவன் வீட்டுக் கணக்கு கிடைப்பது அபூர்வம். இருந்தால் இங்குள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் பேசலாம். நோட்டைக் கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தர முடியுமா என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் மகளிடம் பேசு. யார் எடுக்கிறார்கள், எங்கே வைப்பார்கள், எப்போது திரும்பி வரும் என்பது எழுத்தில் அவர்கள் கைக்கு வராமல் நோட்டு வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடு.